செல்லூர்ப் பட்டறையில் கற்ற கார்புரேட்டர் பாடம்

(பழைய மாணவர் ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும், என்ன தலைப்பு?" என்று கேட்டார். "கார்புரேட்டர்" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஏம்ப்பா, எல்லாரும் சர்க்கரை வியாதி, பேரன் பேத்தி, அமெரிக்கப் பயணம்னு பேசுறாங்க. நீ மட்டும் ஏன் இப்படி?" என்று இழுத்தார். நான் விடவில்லை. காரணம் இருக்கிறது. இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலில் ஒரு பழைய வண்டி தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் புல்லட், மாமாவின் யெஸ்டி, தன் சொந்த முதல் சம்பளத்தில் வாங்கிய ராஜ்தூத் என்று ஏதோ ஒன்று. விற்கவும் மனசு வராது, ஓட்டவும் முடியாது. அது ஓடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாமான்தான். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நானும் உங்களைப் போல மெக்கானிக்கல் படித்தவன்தான். வகுப்பில் கரும்பலகையில் வென்சூரியை வரைந்து, பெர்னூலி தேற்றத்தைச் சொல்லி, வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று எழுதிப் பத்து மார்க் வாங்கியவன். ஆனால் அன்றைக்கு மாலை வீட்டுக்குப் போய் அப்பாவின் புல்லட்டை உதைத்தால் ஸ்டார்ட் ஆகாது. அப்பா நூல் வியாபாரம் செய்தவர். எட்டாவது வரைக்கும்தான் படித்தவர். ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஒரே உதை. வண்டி "டப்... டப்..." என்று பேச ஆரம்பித்துவிடும். "என்னப்பா, இன்ஜினியருக்கு எத்தனை மார்க்?" என்று கேட்பார்.

அது 1972 மாடல் புல்லட் 350. அப்பா 1981-இல் பழசாக வாங்கினார். செல்லூரில் அப்போது தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். தறிச் சத்தத்தை மீறி அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவார்கள். அப்பா காலமான பிறகு வண்டி வீட்டு நடையில் நின்றது. வருஷத்துக்கு ஒருமுறை நான் போய்த் துடைத்துவிட்டு வருவேன். அவ்வளவுதான்.

2024 அக்டோபர் 25-ஆம் தேதி மதுரையில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். செல்லூர் கண்மாய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து, பந்தல்குடி கால்வாய் கொள்ளாமல், கட்டபொம்மன் நகர் உள்ளிட்ட பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் வீட்டு நடையில் தொடையளவு தண்ணீர். வண்டியில் டேங்கும் சீட்டும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. தண்ணீர் வடிந்த பிறகு தம்பி சொன்னான், "அண்ணே, இனிமே இதை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறோம்? எடைக்குப் போட்டுருவோம்." நானும் ஏறத்தாழ ஒத்துக்கொண்டேன். அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில் மெதுவாக, "ஓட்டுங்க, ஓட்டாமப் போங்க. ஒரே ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு அப்புறம் என்னமும் செய்ங்கப்பா" என்றார்கள். அதற்கு மேல் பேச்சு எதற்கு?

எங்கள் தெருவுக்கு மூன்று சந்து தள்ளி ஒரு பட்டறை. அதை நடத்துபவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். ஊரே அவரை "பாய்" என்றுதான் கூப்பிடும். அவருடைய பட்டறையிலும் தண்ணீர் புகுந்திருந்தது. ஸ்பேனர்களை வெயிலில் பரப்பிக் காய வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "கிக்கரை உதைச்சுப் பார்த்தீங்களா தம்பி?" இல்லை என்றேன். "நல்ல காரியம் பண்ணீங்க" என்றார்.

நண்பர்களே, இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியை உதைக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், அது காற்றைப் போல அமுங்காது. பலமாக உதைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலை வடிக்க வேண்டும். பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் பைய அமுக்கி, உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். டேங்கில் இருக்கும் பெட்ரோலையும் முழுக்க இறக்கிவிட வேண்டும். இதையெல்லாம் செய்த பிறகுதான் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும்.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்லிவிடுகிறேன். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் புல்லட் உருவாயிற்று. தாய்வீட்டில் 1970-இல் தயாரிப்பே நின்றுபோனது. நம்ம சென்னையில் மட்டும் நிற்கவில்லை. அந்தக் காலத்துப் புல்லட்டுகளில் இருந்தது ஆமல் கார்புரேட்டர். ஆமல் என்பது 1927-இல் மூன்று பிரிட்டிஷ் கார்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து உருவான பெயர். ஃப்ளோட் அறையும் கலவை அறையும் ஒரே வார்ப்பில் வந்த மாதிரிக்கு மோனோபிளாக் என்று பெயர். பிற்காலப் புல்லட்டுகளில் மிக்கார்ப் வந்தது. அது ஜப்பானிய மிகுனி வடிவமைப்பு. அந்த மிகுனியே ஒரு காலத்தில் ஆமலிடம் உரிமம் வாங்கித் தொழில் கற்றதுதான். எனவே இரண்டும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் மாதிரி. ஒன்றைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் புரிந்துவிடும்.

எங்கள் வண்டியிலும் தொண்ணூறுகளில் அப்பா ஆமலைக் கழற்றிவிட்டு மிக்கார்ப் வி.எம்.24 மாட்டினார். அந்த 24 என்பது காற்று போகும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். கழற்றிய ஆமலை அப்பா எறியவில்லை. துணியில் சுற்றிப் பிஸ்கட் டின்னில் போட்டுப் பரண்மேல் வைத்திருந்தார். பாய் அதை வாங்கிப் பார்த்தார். மேலும் கீழும் ஓடுகிற ஸ்லைடு, அதைத்தான் நம் மெக்கானிக்குகள் பிஸ்டன் என்பார்கள், அது தேய்ந்து உள்ளே ஆடியது. "பிஸ்டன் தேஞ்சா பக்கவாட்டுல காத்து பூந்துரும் தம்பி. எந்த ஜெட்டை மாத்தினாலும் ஐடிலிங் நிக்காது. அப்பா சரியாத்தான் மாத்தியிருக்காரு. ஆனா இதைத் தூக்கிப் போட்டுறாதீங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, பதிவு செய்து 50 ஆண்டைத் தாண்டிய, அடிப்படையை மாற்றாத வண்டிதான் விண்டேஜ் வாகனம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கழற்றிய எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். கார்புரேட்டர் செய்வது ஒரே வேலை. காற்றையும் பெட்ரோலையும் சரியான விகிதத்தில் கலப்பது. சுத்தமான பெட்ரோல் என்றால் எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் வண்டி நிற்கும்போது ஒரு தேவை, ஏறும்போது ஒரு தேவை, ஓடும்போது ஒரு தேவை. அதனால் உள்ளே வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகாமலோ, எட்டில் ஒரு பங்கு வரை திருகியோ இருக்கும்போது பைலட் ஜெட் பார்த்துக்கொள்ளும். அதிலிருந்து கால் பங்கு வரை பிஸ்டனின் அடியில் இருக்கும் சாய்வு வெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடில். முக்காலுக்கு மேலே மெயின் ஜெட். இந்த நான்கையும் மனதில் வைத்தால் போதும், பாதி நோயைக் கழற்றாமலே கண்டுபிடித்துவிடலாம். ஐடிலிங் நிற்காத வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, பல்வலிக்காரனுக்குக் காலில் கட்டுப் போடுவது போல.

பாய் கார்புரேட்டரைக் கழற்றும்போது ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டார். கழற்றிய வரிசையிலேயே சாமான்களை அடுக்கினார். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், உள்ளே முழுக்கத் திருகி எத்தனை சுற்று என்று எண்ணச் சொன்னார். நீடிலில் கிளிப் எத்தனாவது பள்ளத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். "எழுதிக்கங்க தம்பி. கழட்டினவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்னு நினைப்பு. மாட்டும்போதுதான் தெரியும்." ஜெட்டின் நம்பரை அவரால் படிக்க முடியவில்லை. கண் மங்கிவிட்டது. நான் படித்துச் சொன்னேன். அன்றைக்கு நான் அவருக்குக் கண், அவர் எனக்குக் கை.

கீழ்க் கப்பைத் திறந்தோம். அடியில் சேறு, தண்ணீர். அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவை. தண்ணீர் தங்கினால் அப்படித்தான் அரிக்கும். நான் கேட்டேன், "எலுமிச்சைச் சாறு, வினிகர் எதிலயாவது ஊறப்போட்டுருவோமா பாய்?" அவர் பதறிவிட்டார். புளிப்பு துத்தநாகத்தைத் தின்றுவிடும். பெட்ரோலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும் என்றார். அதையும் திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும்.

பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. "யாரு இதைக் குத்தினது?" என்றார். நான்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் வண்டி நின்றபோது அம்மாவின் தையல் ஊசியால் அடைப்பை எடுத்துப் பெருமைப்பட்டவன் நான்தான். பித்தளை ஜெட்டின் துளை ஒரு முடியளவு பெரிதானால்கூடக் கணக்கு மாறிவிடும். ஜெட்டில் ஊசி, கம்பி எதுவும் விடக்கூடாது. பெட்ரோலில் ஊற வைத்துக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். போகவில்லையா, புது ஜெட் போட வேண்டும். அதே நம்பர். கடையில் கிடைத்த மலிவான கிட்டை வாங்கி வந்து பாயிடம் நீட்டினேன். அதிலிருந்த நீடிலைப் பழையதோடு சேர்த்து வைத்துக் காட்டினார். கூம்பு வேறு, நீளம் வேறு. திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் அலைந்து சரியானதை வாங்கினேன்.

அடுத்தது ஃப்ளோட். அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே களக் களக் என்றால் ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்திருக்கிறது என்று அர்த்தம். கனம் கூடிய ஃப்ளோட் மிதக்காது, பெட்ரோல் ஒழுகும். ஃப்ளோட் பின் என்று சொல்கிற ஊசி வால்வின் நுனியை நகத்தால் தடவினால் வளையம் மாதிரி ஒரு தேய்மானம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் மாற்ற வேண்டியதுதான். கப்புக்குள் பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் வண்டி கறுப்புப் புகை விடும். தாழ்ந்தால் வேகத்தில் மூச்சு வாங்கும். பேக்கிங், ஓரிங் எல்லாவற்றையும் கழற்றினால் கழற்றியதுதான். பழசை மறுபடி போடக்கூடாது.

எல்லாம் மாட்டினோம். புது ஆயில், புது பிளக், புது பெட்ரோல். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்தோம். அது ஆரம்ப அளவுதான், முடிவான அளவு அல்ல. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆமலிலும் மிக்கார்பிலும் அந்த ஸ்க்ரூ காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். வேறு சில கார்புரேட்டர்களில் இன்ஜின் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ கலவையைக் கட்டுப்படுத்துவது. அதில் இது தலைகீழ். தெரியாமல் திருகினால் நோய் கூடும்.

மூன்றாவது உதையில் வண்டி பேசியது. பட்டறையில் இருந்த பையன்கள் கை தட்டினார்கள். ஆனால் ஐடிலிங்கில் நிற்காமல் அணைந்து அணைந்து போயிற்று. பாய் அந்த நேரம் பார்த்துத் தொழுகைக்குப் போயிருந்தார். நான் என்ன செய்தேன்? ஐடிலிங் ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றிவிட்டேன். வண்டி நின்று ஓடியது. வெற்றி வீரனைப் போல வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். அப்புறம் சொன்னார்கள்: "ஓடுது, நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா வண்டி இம்புட்டு வெரசா அடிக்காதேப்பா. ஒவ்வொரு அடிக்கும் நடுவுல மூச்சு விடும்."

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்குப் பைலட் ஜெட்டும் தெரியாது, வென்சூரியும் தெரியாது. ஆனால் நான் மறைத்த கோளாற்றை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசிக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போன கதைதான் நான் செய்தது. மறுநாள் காலை வண்டியைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

பாய் ஒரு முறை ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டார். சத்தம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கி, அப்புறம் இறங்கியது. "இது கார்புரேட்டர் கோளாறு இல்லை தம்பி. எங்கிட்டோ காத்து பூருது" என்றார். ஒரு பிரஷ்ஷில் இன்ஜின் ஆயிலைத் தொட்டு, கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தைச் சுற்றித் தடவினார். ஒரு மூலையில் ஆயில் பட்டதும் சத்தம் மாறியது. கழற்றிக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தார். அடிப்பாகம் நடுவில் வளைந்து இருபுறமும் ஆடியது. இரண்டு நட்டுகளையும் எப்போதோ யாரோ நீளமான ஸ்பேனர் போட்டு அளவுக்கு மேல் இறுக்கியதால் வந்த வளைவு. யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, ஒரே சீராக வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்தினோம். முக்கால் மணி நேரம் ஆனது. புது ஓரிங் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். பாயின்ட் இடைவெளியையும் பார்த்துச் சரி செய்தார். "கார்புரேட்டர் கோளாறுன்னு வர்ற வண்டியில பாதி, கரண்ட் கோளாறுதான்" என்பது அவர் வேதவாக்கு. பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்கிக்கொண்டே வந்தார். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று தேடினார். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாது. நாம் ஆய்வுக்கூடத்தில் படித்ததும் இதுதானே! பட்டறையில் மறந்துவிடுகிறோம்.

அன்று மாலை வண்டி எங்கள் வாசலில் நின்று மெதுவாக அடித்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் தோசை வார்க்கும் சத்தம் கேட்டது.

நண்பர்களே, வண்டி ஓடிவிட்டது, கதை முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். முடியவில்லை. இன்றைக்கு நாம் போடுகிற பெட்ரோல் அப்பா போட்ட பெட்ரோல் அல்ல. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. அது நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. பழைய கார்புரேட்டருக்கு அது என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. அதனால் எரிய வேண்டிய காற்று குறைவு. 14.7 என்ற கணக்கு இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 ஆகிவிடும். பழைய ஜெட் பழைய கணக்குப்படியே கொடுத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் போதாது. இன்ஜின் சூடாகும், ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும். எங்கள் வண்டியில் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினோம். கிளிப் இறங்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். அதுவே போதுமானதாக இருந்தது. போதாவிட்டால் மெயின் ஜெட்டை அடுத்த அளவுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

இரண்டாவது, எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். அடியில் என்றால், டேங்கில் துருப்பிடிக்கிற இடத்திலும் கார்புரேட்டர் கப்பிலும். அக்டோபர் வெள்ளம் ஒரே நாளில் செய்ததை இது ஆறு மாதத்தில் சத்தமில்லாமல் செய்யும். அதனால் வண்டியை இரண்டு மூன்று வாரம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு இன்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். அதற்கு மேல் நிறுத்துவதென்றால் கப்பையும் வடித்துவிடுங்கள். மூன்றாவது, பழைய ரப்பர் ஓரிங்கும் பெட்ரோல் குழாயும் எத்தனாலில் ஊதி, மெத்தென்று ஆகிவிடும். எத்தனாலைத் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். டேங்கில் பல வருஷமாக ஒட்டியிருக்கும் பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும். அது நேரே பைலட் ஜெட்டில்தான் போய் உட்காரும். எனவே டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்வது, அழுக்குத் தொட்டியின் குழாய்க்குப் பாலீஷ் போடுவது மாதிரி.

யெஸ்டி வைத்திருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டாலும், அதன் ஜிகோவ் கார்புரேட்டருக்கும் நான் சொன்ன எல்லாமே பொருந்தும். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஓடுகிற வண்டி என்பதால், பெட்ரோல் ஆவியான பிறகு கப்பில் ஆயில் தங்கிப் பிசினாகும். உங்களுக்குத்தான் இந்தக் கப்பை வடிக்கும் பழக்கம் இன்னும் முக்கியம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததோடு புல்லட்டிலும் கார்புரேட்டர் போய், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. புதிய வண்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். அதில் தவறே இல்லை. புகை குறைகிறது, மைலேஜ் கூடுகிறது. பாயின் பட்டறைப் பையன்களும் கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் ஆசைப்படுகிறார்கள். பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனால் பாய் ஒரு நாள் என்னிடம் சொன்னார், "எனக்கு அப்புறம் இதைத் தொட ஆளில்லை தம்பி. நான் எதையும் எழுதி வைக்கலை. எனக்கு எழுதத் தெரிஞ்சதெல்லாம் பேருதான்."

அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் அவர் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்ன வண்டி, என்ன கோளாறு, என்ன சத்தம், முதலில் எதைப் பார்த்தார், என்ன நம்பர் ஜெட், எது பலித்தது. இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது. அதன் ஒரு பிரதியை நம் கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கப் போகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாயோ, அண்ணாச்சியோ, மேஸ்திரியோ இருப்பார். நமக்கு எழுதத் தெரியும், அவர்களுக்குக் கேட்கத் தெரியும். நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். நம் ஆய்வுக்கூடத்துக்கு என் பங்காக அந்தப் பிஸ்கட் டின் ஆமலைப் போலவே தேய்ந்துபோன வேறொரு கார்புரேட்டரைக் குறுக்கே அறுத்து, உள்ளே தெரியும்படி செய்து கொண்டுவந்திருக்கிறேன். பாய்தான் அறுத்துக் கொடுத்தார். மாணவர்கள் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். அப்பாவின் ஆமலை மட்டும் கேட்காதீர்கள். அது மறுபடி பரண்மேல், டின்னுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது.

உங்கள் வீட்டுத் தார்ப்பாயை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை விலக்கிப் பாருங்கள். தயவு செய்து ஊசியை மட்டும் எடுக்காதீர்கள்.